பள்ளிக்கூட விண்ணப்பத்தில் ஒரு கேள்வி – ஸ்லோவேனியர்களைப் பற்றி ஒரு நீண்ட பதிவு



மகன் வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்த பிறகு, "ஐரோப்பாவைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லையே டீச்சர்" என்று பழைய மாணவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். மலை, ஏரி, பனி எல்லாம் போட்டோவாகப் போட்டு முடித்தாயிற்று. எனக்கு எழுதத் தோன்றியது அங்கே வாழும் ஒரு சிறிய மக்கள் கூட்டத்தைப் பற்றி. பதிவு கொஞ்சம் நீளம். காபி குடித்துக்கொண்டே நிதானமாகப் படியுங்கள்.

என் மகன் இருப்பது ஆஸ்திரியாவின் தெற்கு மூலையில், கரிந்தியா மாநிலத்தில். கிளாகன்ஃபர்ட் நகரத்தில் வேலை. வீடு அதற்குத் தெற்கே, டிராவா ஆற்றைத் தாண்டி ஃபெர்லாக் என்ற சிற்றூரில். ஃபெர்லாக்குக்கு இன்னொரு பெயர் போரோவ்லியே. கிளாகன்ஃபர்ட்டுக்கும் இன்னொரு பெயர் உண்டு, செலோவெட்ஸ். முதல் பெயர் ஜெர்மன் மொழியில், இரண்டாவது ஸ்லோவேனிய மொழியில். வீட்டு ஜன்னலைத் திறந்தால் கரவாங்கன் மலைத்தொடர். அந்த மலைக்கு அந்தப் பக்கம்தான் ஸ்லோவேனியா நாடு. ஆனால் ஸ்லோவேனியர்கள் மலைக்கு இந்தப் பக்கமும் இருக்கிறார்கள். ஆயிரம் வருடத்துக்கு மேலாக இருக்கிறார்கள்.

ஸ்லோவேனியா என்றதும் ஸ்லோவாக்கியாவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது வேறு. ஸ்லோவேனியா 1991-ல் யூகோஸ்லாவியாவிலிருந்து பிரிந்து தனி நாடானது. பரப்பு சுமார் 20,000 சதுர கிலோமீட்டர், மக்கள் தொகை சுமார் 21 லட்சம், தலைநகர் லுப்லியானா. மேற்கே இத்தாலி, வடக்கே ஆஸ்திரியா, வடகிழக்கே ஹங்கேரி, தெற்கே குரோவேஷியா. இந்த நான்கு நாடுகளிலும் எல்லையை ஒட்டி ஸ்லோவேனியர்கள் வாழ்கிறார்கள். அவர்கள் பிழைப்புக்காகக் குடியேறியவர்கள் அல்ல. இருந்த இடத்திலேயே இருந்தார்கள், எல்லைக்கோடுதான் அவர்களைத் தாண்டிப் போனது.

ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியைக்கு இந்த மக்களைப் பிடித்துப்போக இன்னொரு காரணம் உண்டு. அவர்கள் மொழியில் முதன்முதலாக அச்சான புத்தகங்கள் இரண்டு. ஒன்று மதபோதனை நூல். மற்றொன்று அரிச்சுவடி! 1550-ம் ஆண்டு பிரிமோஷ் த்ரூபார் என்ற புராட்டஸ்டன்ட் போதகர் ஜெர்மனியில் இருந்தபடி இரண்டையும் அச்சிட்டார். சொந்த மண்ணில் இருக்க முடியாமல் போனவர் தன் மக்களுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்திருக்கிறார். 1584-ல் முழு பைபிளும் அந்த மொழியில் வந்துவிட்டது. இன்று ஸ்லோவேனியாவின் 1 யூரோ நாணயத்தில் இருப்பது த்ரூபாரின் முகம். 2 யூரோ நாணயத்தில் கவிஞர் ஃப்ரான்ட்ஸே பிரெஷெரன். அந்தக் கவிஞர் இறந்த பிப்ரவரி 8 அங்கே அரசு விடுமுறை நாள். போர்த் தளபதிகளின் முகத்தைத் தேடினால் அவர்களுடைய வழக்கமான நாணய வரிசையில் கிடைக்காது.

மொழியில் இன்னொரு சுவாரசியம். நாம் ஒருமை, பன்மை என்று இரண்டுதான் சொல்லிக்கொடுக்கிறோம். அவர்களுக்கு நடுவில் 'இருமை'யும் உண்டு. சமஸ்கிருதத்தில் இருப்பது போல. 'நாங்கள்' என்பதற்கு ஒரு சொல், 'நாங்கள் இருவர் மட்டும்' என்பதற்கு வேறு சொல். ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் இது எப்போதோ தேய்ந்து போய்விட்டது. இவர்கள் தினப்பேச்சில் இன்னும் வைத்திருக்கிறார்கள்.

நாணயத்தைப் பற்றிச் சொன்னேன் அல்லவா. அவர்களுடைய 2 சென்ட் நாணயத்தில் ஒரு கல் இருக்கிறது. 'பிரபுவின் கல்' என்று பெயர். பழைய ரோமானியத் தூணின் அடிப்பாகத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தது போன்ற ஒரு பீடம். இடைக்காலத்தில் அந்தப் பகுதியின் ஆட்சியாளர் பதவியேற்கும்போது அந்தக் கல் அருகே ஸ்லாவிய மொழியில்தான் சடங்கு நடக்கும். இப்போது அந்தக் கல் எங்கே இருக்கிறது தெரியுமா? ஸ்லோவேனியாவில் இல்லை. ஆஸ்திரியாவில், கிளாகன்ஃபர்ட்டில், மாநில சட்டமன்றக் கட்டடத்துக்குள். மகன் கூட்டிப்போய்க் காட்டினான். முழங்கால் உயரத்துக்கு ஒரு கல், அவ்வளவுதான். ஒரு நாட்டின் நாணயத்தில் இருக்கும் கல் பக்கத்து நாட்டின் அரசுக் கட்டடத்தில் இருக்கிறது. நாணயத்தில் அதைப் போடப் போகிறோம் என்று ஸ்லோவேனியா சொன்னபோது கரிந்தியாவில் அரசியல்வாதிகள் கண்டனம் தெரிவித்தார்களாம்.

அதே கிளாகன்ஃபர்ட்டில்தான் 1850-களின் தொடக்கத்தில் பிஷப் அன்டன் மார்டின் ஸ்லோம்ஷெக் முயற்சியால் ஒரு புத்தகச் சங்கம் ஆரம்பமானது. குறைந்த சந்தா கட்டினால் ஆண்டுக்கு ஒரு கட்டுப் புத்தகம் வீட்டுக்கு வரும். விவசாயிகளின் வீட்டுப் பரணில் புத்தகம் ஏறியது இப்படித்தான். ஆக, ஒரு மொழியின் பழைய கல்லும் பழைய பதிப்பகமும் இன்று நாட்டு எல்லைக்கு வெளியே இருக்கின்றன. இது எப்படி நடந்தது?

1920 என்ற ஒரே வருடத்தைப் பார்த்தால் போதும். முதல் உலகப்போர் முடிந்து ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசு உடைந்துபோனது. அந்த வருடம் ஜூன் மாதம் ட்ரியனான் ஒப்பந்தம். ராபா ஆற்றங்கரை ஸ்லோவேனியக் கிராமங்கள் ஹங்கேரியோடு நின்றுவிட்டன. அக்டோபர் 10-ம் தேதி தெற்குக் கரிந்தியாவில் மக்கள் வாக்கெடுப்பு. நவம்பர் 12-ம் தேதி ரப்பாலோ ஒப்பந்தம். டிரியஸ்ட், கொரிட்சியா உள்பட மேற்குப் பகுதி முழுக்க இத்தாலிக்குப் போனது. மொத்த ஸ்லோவேனியர்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் ஒரே கையெழுத்தில் இத்தாலியர்கள் ஆனார்கள்.

கரிந்தியா வாக்கெடுப்பில் ஒரு விசேஷம். வாக்களித்த பகுதியில் பெரும்பான்மையோர் ஸ்லோவேனிய மொழி பேசுபவர்கள். ஆனால் சுமார் 59 சதவீதம் ஆஸ்திரியாவுக்கு விழுந்தது. அதாவது ஸ்லோவேனியர்களிலேயே பலர் "ஆஸ்திரியாவோடு இருக்கிறோம்" என்றார்கள். சந்தை கிளாகன்ஃபர்ட்டில். உறவு அங்கே. பால், தானியம் விற்பது அங்கே. அதோடு "உங்கள் மொழியையும் பண்பாட்டையும் காப்போம்" என்று மாநில சட்டமன்றம் வாக்குறுதியும் கொடுத்திருந்தது. அந்த வாக்குறுதி என்ன ஆனது என்பதற்குப் பிறகு வருகிறேன். முதலில் இத்தாலி.

டிரியஸ்ட் துறைமுகத்தில் ஸ்லோவேனியர்களுக்கு 'நரோத்னி தோம்' என்று ஒரு பெரிய கட்டடம் இருந்தது. மக்கள் இல்லம் என்று சொல்லலாம். நாடக அரங்கு, சேமிப்பு வங்கி, ஹோட்டல், காபிக் கடை எல்லாம் அதற்குள். 1920 ஜூலை 13-ம் தேதி பாசிஸ்டுகள் அதைக் கொளுத்தினார்கள். தீயணைப்புக்காரர்களையும் வேலை செய்ய விடவில்லை. வேடிக்கை பார்த்த கூட்டத்தில் ஏழு வயது நிறையாத ஒரு சிறுவன் இருந்தான். பெயர் போரிஸ் பஹோர். அவரைப் பற்றியும் பிறகு சொல்கிறேன்.

முசோலினி வந்த பிறகு பள்ளிக்கூடம்தான் முதல் குறி. 1923-ல் வந்த கல்விச் சட்டத்தின்படி வருடத்துக்கு ஒரு வகுப்பாக ஸ்லோவேனிய வழிக் கல்வியை நிறுத்திக்கொண்டே வந்தார்கள். முதல் வருடம் ஒன்றாம் வகுப்பு, அடுத்த வருடம் இரண்டாம் வகுப்பு. 1928-க்குள் ஒரு வகுப்பும் மிச்சமில்லை. ஆசிரியர்களை இத்தாலியின் உட்பகுதிகளுக்கு மாற்றினார்கள், பலர் வேலையிழந்து யூகோஸ்லாவியாவுக்குப் போனார்கள். ஊர்ப் பெயர்களை மாற்றினார்கள். அதோடு விடவில்லை, மனிதர்களின் குடும்பப் பெயரையும் மாற்றினார்கள். வோடோபிவெட்ஸ் என்ற பெயருக்கு 'தண்ணீர் குடிப்பவர்' என்று பொருள். அதை அப்படியே மொழிபெயர்த்து பெவிலாக்வா ஆக்கினார்கள்.

முப்பத்தாறு வருடம் தினமும் காலையில் வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர் கூப்பிட்டவள் நான். ஒரு நாள் காலையில் பதிவேட்டைத் திறந்தால் எல்லாப் பிள்ளைகளின் பெயரும் மாறியிருக்கிறது. "உள்ளேன் ஐயா" சொல்ல வேண்டிய பிள்ளை தன் பெயர் என்று தெரியாமல் சும்மா உட்கார்ந்திருக்கிறது. இதை நினைத்துப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

லோய்ஸே பிராட்டூஷ் என்று ஒரு பாடகர் குழுத் தலைவர், கொரிட்சியாக்காரர். 1936 டிசம்பரில் தேவாலயத்தில் ஸ்லோவேனிய மொழியில் பாட வைத்ததற்காக அவரைப் பிடித்து இயந்திர எண்ணெயைக் குடிக்க வைத்தார்கள். அடுத்த பிப்ரவரியில் மருத்துவமனையில் இறந்தார். ஒரு பாட்டுக்காக ஒரு உயிர்.

இவ்வளவு செய்தும் மொழி சாகவில்லை. வீடுகளிலும் தேவாலயங்களிலும் ரகசியமாகப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தார்கள். பாதிரியார்கள் வேதபாட வகுப்பைத் தாய்மொழியிலேயே நடத்தினார்கள். தடை போட்டால் வீம்பு வரும் என்று சொல்வார்களே, அது அங்கே நடந்தது. 1945-ல் டிரியஸ்ட்டில் ஸ்லோவேனியப் பள்ளிகள் மறுபடி திறந்தன. இன்றும் நடக்கின்றன, எல்லாப் பாடமும் ஸ்லோவேனிய மொழியில். அதே 1945-ல் தொடங்கிய 'பிரிமோர்ஸ்கி த்னெவ்னிக்' என்ற நாளிதழ் இன்றும் அங்கிருந்து வருகிறது.

அந்தச் சிறுவன் போரிஸ் பஹோர் வளர்ந்து, நாஜி வதைமுகாம்களில் கிடந்து, உயிரோடு திரும்பி, டிரியஸ்ட்டிலேயே ஸ்லோவேனிய உயர்நிலைப் பள்ளியில் இலக்கிய ஆசிரியராக வேலை பார்த்தார். முகாம் அனுபவத்தை 'நெக்ரோபோலா' என்ற நூலாக எழுதினார். 2020 ஜூலை 13, அந்தக் கட்டடம் எரிந்து சரியாக நூறு வருடம். இத்தாலி, ஸ்லோவேனியா இரு நாட்டு ஜனாதிபதிகள் முன்னிலையில் நரோத்னி தோமைத் திருப்பித் தருவதற்கான ஒப்பந்தம் கையெழுத்தானது. அப்போது பஹோருக்கு வயது 106. தீ வைத்ததையும் பார்த்தார், திருப்பிக் கொடுத்ததையும் பார்த்தார். 2022-ல் 108 வயதில் காலமானார்.

இப்போது ஆஸ்திரியா. என்னை அதிகம் யோசிக்க வைத்தது இந்தக் கதைதான்.

1920-ல் கொடுத்த வாக்குறுதி காற்றில் போனது. பள்ளிகளில் ஸ்லோவேனிய மொழியை ஜெர்மனுக்கு ஏணியாக மட்டும் வைத்தார்கள். முதல் ஓரிரு வருடம் பிள்ளைக்கு ஜெர்மன் புரிகிற வரைக்கும்தான், அப்புறம் ஏணி தேவையில்லை. 1938-ல் ஹிட்லர் ஆஸ்திரியாவைச் சேர்த்துக்கொண்ட பிறகு அதுவும் நின்றது. 1942 ஏப்ரலில் சுமார் ஆயிரம் ஸ்லோவேனியர்களைக் குடும்பம் குடும்பமாகப் பிடித்து ஜெர்மனியின் முகாம்களுக்கு ரயில் ஏற்றினார்கள். மலைக்காடுகளுக்குள் போய் ஆயுதம் எடுத்தவர்களும் உண்டு.

போருக்குப் பிறகு 1945-ல் ஒரு நல்ல ஏற்பாடு வந்தது. தெற்குக் கரிந்தியாவில் முதல் மூன்று வகுப்புகளுக்கு எல்லாப் பிள்ளைகளும் இரண்டு மொழியிலும் படிக்க வேண்டும். வீட்டில் ஜெர்மன் பேசும் பிள்ளையும் ஸ்லோவேனியம் படிக்கும், ஸ்லோவேனியப் பிள்ளையும் ஜெர்மன் படிக்கும். 1955-ல் ஆஸ்திரியா முழு சுதந்திரம் பெற்ற ஒப்பந்தத்தின் 7-வது பிரிவில் சிறுபான்மையினரின் பள்ளி, அலுவலக மொழி, இருமொழிப் பெயர்ப்பலகை எல்லாவற்றுக்கும் உறுதி கொடுக்கப்பட்டது. 1957-ல் கிளாகன்ஃபர்ட்டில் ஸ்லோவேனிய உயர்நிலைப் பள்ளியும் வந்தது.

ஆனால் ஜெர்மன் தேசியவாதிகளுக்கு அந்தக் கட்டாய இருமொழி வகுப்பு கண்ணை உறுத்தியது. 1958 செப்டம்பரில் மாநில ஆளுநர் ஓர் ஆணை போட்டார். யாரையும் எதுவும் தடை செய்யவில்லை. "விருப்பமில்லாத பெற்றோர் தங்கள் பிள்ளையை ஸ்லோவேனிய வகுப்பிலிருந்து விலக்கிக்கொள்ளலாம்", அவ்வளவுதான். சில வாரங்களுக்குள் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குப் பிள்ளைகள் விலக்கப்பட்டார்கள். அடுத்த வருடம் சட்டத்தையே மாற்றினார்கள். வேண்டாம் என்றால் எழுதிக்கொடு என்பது போய், வேண்டும் என்றால் மட்டும் எழுதிக்கொடு என்று ஆயிற்று.

மகன் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு பாட்டி இருக்கிறார். 1950-ல் பிறந்தவர். தினமும் சாயங்காலம் வேலி ஓரத்தில் நின்று பேசுவோம். அவர் ஜெர்மனில் பேசுவார், மகன் மொழிபெயர்ப்பான். அவன் இல்லாத நாளில் கையும் கண்ணும்தான் பாஷை. நானும் ஆசிரியை என்று தெரிந்ததும் அவர் தன் பள்ளிக்கூடக் கதையைச் சொன்னார்.

வீட்டில் ஸ்லோவேனியம்தானாம். ஒன்றாம் வகுப்பில் இரண்டு மொழியும் படித்தாராம். எட்டு வயதில் ஒரு நாள் அப்பா ஒரு தாளைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்துக் கையெழுத்துப் போட்டாராம். மறுநாளிலிருந்து அந்த நேரத்தில் வேறு அறையில் உட்கார வேண்டும். அப்பாவுக்கு மர அறுவை ஆலையில் வேலை. முதலாளி ஜெர்மன்காரர். "யாராவது மிரட்டினார்களா?" என்று கேட்டேன். அவர் சொன்னதை மகன் அப்படியே தமிழில் சொன்னான்:

"இல்லை. ஒருத்தரும் மிரட்டவில்லை. கேட்டார்கள், அவ்வளவுதான். யார் கேட்கிறார்கள் என்று அப்பாவுக்குத் தெரியும்."

அந்தப் பாட்டி தன் பிள்ளைகளிடம் ஜெர்மன்தான் பேசினார். இப்போது பேரன் பள்ளியில் ஸ்லோவேனியம் படிக்கிறான். வீட்டுப்பாடத்தில் சந்தேகம் கேட்டால் பாட்டிக்குச் சொல் ஞாபகம் வருகிறதாம், எழுத்துக்கூட்டத் தெரியவில்லையாம்.

மொழி அழிவதென்றால் தடைச் சட்டம், போலீஸ், தீ வைப்பு என்றுதான் நாம் நினைக்கிறோம். இத்தாலியில் அதெல்லாம் நடந்தது, ஆனாலும் ஜனங்கள் ஒளித்து வைத்துப் படித்தார்கள். கரிந்தியாவில் அமைதியான காலத்தில் ஒரு விண்ணப்பத் தாள் பெரிய சேதம் செய்துவிட்டது. தடை போட்டால் 'அவர்கள் பிடுங்கினார்கள்' என்று கோபப்பட ஓர் ஆள் இருக்கிறான். கையெழுத்து வாங்கிக்கொண்டால் 'நாமேதான் வேண்டாம் என்றோம்' என்ற எண்ணம் வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு கோபப்பட ஆள் கிடையாது. வெட்கம்தான் மிச்சம்.

எண்ணிக்கை இதைச் சொல்கிறது. இன்றைய கரிந்தியாவின் பரப்பில் 1910 கணக்கெடுப்பில் ஸ்லோவேனியம் பேசியவர்கள் சுமார் 66,000 பேர். 2001-ல் சுமார் 13,000 பேர். இடையில் கணக்கெடுப்பில் 'விண்டிஷ்' என்று தனி வகையும் வைத்தார்கள். விண்டிஷ் என்பது ஸ்லோவேனியர்களைக் குறிக்கும் பழைய ஜெர்மன் சொல்தான். அதைத் தனி இனம் போலக் காட்டி ஒரே மக்களை இரண்டாகப் பிரித்து எண்ணினார்கள்.

பிறகு பெயர்ப்பலகைச் சண்டை. 1972-ல் சான்ஸ்லர் புரூனோ கிரைஸ்கி காலத்தில் 205 ஊர்களுக்கு இரண்டு மொழியிலும் பலகை வைக்கச் சட்டம் வந்தது. பலகை நட்ட வேகத்தில் கூட்டமாக வந்து பிடுங்கிப் போட்டார்கள். போலீஸ் பார்த்துக்கொண்டிருந்தது. பலகைகள் காணாமல் போயின, அரசாங்கமும் பின்வாங்கியது. 1976-ல் புதிய சட்டம். ஓர் ஊரில் கால்வாசிப் பேராவது ஸ்லோவேனியர்களாக இருந்தால்தான் பலகை என்றார்கள்.

இதில் ஒரு வழக்கறிஞரின் சாமர்த்தியத்தைச் சொல்ல வேண்டும். ரூடி வோக் என்பவர், கரிந்திய ஸ்லோவேனியர். ஓர் ஊருக்குள் வேண்டுமென்றே வேகமாகக் கார் ஓட்டி அபராதம் வாங்கினார். "ஊர்ப்பலகை இரண்டு மொழியிலும் இல்லாததால் அது செல்லாத பலகை, எனவே ஊருக்குள் வேகக்கட்டுப்பாடும் செல்லாது" என்று வழக்காடினார். அரசியல் சாசன நீதிமன்றம் வரை போனது. 2001 டிசம்பரில் தீர்ப்பு: கால்வாசி தேவையில்லை, 10 சதவீதம் இருந்தாலே போதும். ஆனால் அப்போது ஆளுநராக இருந்த யோர்க் ஹைடர் தீர்ப்பை நிறைவேற்ற மறுத்தார். பலகையைச் சில மீட்டர் தள்ளி நட்டு "இது புதுப் பலகை, பழைய தீர்ப்பு பொருந்தாது" என்றுகூட விளையாடினார். கடைசியில் 2011-ல் சமரசம் ஆனது. 17.5 சதவீதம் என்று வரம்பு, 164 ஊர்களில் இருமொழிப் பலகை. 1955-ல் எழுதிக்கொடுத்த உறுதி பாதியாவது நிறைவேற 56 வருடம்.

மகன் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் லுட்மன்ஸ்டோர்ஃப் என்ற ஊர். பலகையில் மேலே அந்தப் பெயர், கீழே 'பில்ச்சோவ்ஸ்'. சாதாரண வெள்ளைப் பலகைதான். காரை நிறுத்தச் சொல்லி இறங்கி நின்று பார்த்தேன். "அம்மா, இதுல என்ன இருக்குன்னு போட்டோ எடுக்கறீங்க?" என்றான் மகன்.

இந்தப் பகுதியைப் பற்றிப் படிக்கும்போது இன்னோர் ஆசிரியரும் கிடைத்தார். ஃப்ளோர்யான் லிப்பூஷ், 1937-ல் பிறந்தவர். அவர் சிறுவனாக இருக்கும்போது, போராளிகள் போல வேடமிட்டு வந்தவர்களுக்கு அவருடைய அம்மா சாப்பாடு கொடுத்தார். வந்தவர்கள் நாஜிகளின் ஆட்கள். அம்மாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள், ராவன்ஸ்ப்ரூக் முகாமிலிருந்து அவர் திரும்பவில்லை. அந்தப் பையன் வளர்ந்து மலைக்கிராமத்துத் தொடக்கப்பள்ளியில் ஆசிரியரானார். எழுதியது எல்லாம் ஸ்லோவேனிய மொழியில். 2018-ல் ஆஸ்திரியாவின் மிக உயர்ந்த இலக்கிய விருது அவருக்குக் கிடைத்தது. தொடக்கப்பள்ளி வாத்தியார்தானே என்று நம்மைச் சொல்பவர்களுக்கு இந்தப் பெயரைச் சொல்லிவைக்கலாம்.

நான் அங்கே இருந்தபோதுதான் பேத்தியைப் பள்ளியில் சேர்க்கும் வேலை நடந்தது. செப்டம்பரில் ஒன்றாம் வகுப்பு. அதில் பெற்றோருக்கு ஒரு கேள்வி: ஸ்லோவேனிய வகுப்பில் சேர்க்க விரும்புகிறீர்களா? ஆமாம், அதே பழைய கேள்வி.

மகன் உடனே சொன்னான், "வேண்டாம்மா. இவளுக்கு ஜெர்மனே இப்பதான் வருது. வீட்டுல தமிழ், அப்புறம் இங்கிலீஷ் வேற வரும்." மருமகள், "நாம என்ன ஸ்லோவேனியக்காரங்களா அத்தை?" என்றாள். இரண்டும் நியாயமான கேள்விதான்.

நான் என் அனுபவத்தைச் சொன்னேன். என் வகுப்பில் வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள் எத்தனையோ பேர் படித்திருக்கிறார்கள். மணி அடித்து வெளியே போனால் ஒரு பாஷை, உள்ளே வந்தால் ஒரு பாஷை. மொழி பெரியவர்களுக்குத்தான் மூட்டை, ஆறு வயதுக் குழந்தைக்கு அது விளையாட்டுச் சாமான். பாட்டும் கதையுமாகச் சொல்லிக்கொடுத்தால் சுமையே கிடையாது. அதோடு பிள்ளைகளைப் பிரித்து உட்கார வைக்காமல் ஒரே வகுப்பில் இரண்டு ஆசிரியர்கள் சேர்ந்து பாடம் நடத்தும் முறை அங்கே இருக்கிறது. நம் ஊரில் ஒரே ஆசிரியர் மூன்று வகுப்பைப் பார்த்த காலத்தில் இருந்தவளுக்கு அது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று தெரியும்.

"நாம ஸ்லோவேனியக்காரங்க இல்லைதான். ஆனா அந்தத் தாளில் 'ஆமாம்' என்று எழுதுகிறவர்கள் குறைந்துகொண்டே போனால் என்ன ஆகும் என்று பக்கத்து வீட்டு அம்மா சொன்னாரே" என்றேன். அதற்கு மேல் நான் பேசவில்லை. அது அவர்கள் குழந்தை, அவர்கள் முடிவு. இரண்டு நாள் கழித்து மருமகள்தான் தாளை நிரப்பி 'ஆமாம்' என்று எழுதினாள்.

இன்று அந்தப் பகுதித் தொடக்கப்பள்ளிகளில் பாதிக்குச் சற்றே குறைவான பிள்ளைகள் ஸ்லோவேனிய வகுப்பில் சேர்கிறார்கள். 1970-களில் பாதாளத்துக்குப் போன எண்ணிக்கை இப்படி ஏறியிருக்கிறது. சேர்பவர்களில் பலர் வீட்டில் ஜெர்மன் மட்டும் பேசுபவர்கள். தாத்தா விட்டதைப் பேரன் பிடிக்கிறான். ஆனால் இதைப் பார்த்து ஒரேயடியாகக் குதிக்கவும் முடியாது. வகுப்பறையில் ஒரு சொல்கூடத் தெரியாமல் ஆரம்பிக்கும் பிள்ளைகள் அதிகம். பள்ளியில் படித்த மொழி வேறு, சண்டை போடவும் கொஞ்சவும் பயன்படும் மொழி வேறு. பள்ளிக்கூடம் வீட்டுக்குத் துணை செய்யலாம், வீடாக முடியாது.

ஹங்கேரி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சென்ட்கோட்ஹார்ட் என்ற ஊரைச் சுற்றி ராபா ஆற்றுப் பக்கம் சில கிராமங்கள், மக்கள் சில ஆயிரம் பேர்தான். கம்யூனிஸ்ட் காலத்தில் எல்லையில் முள்வேலி போட்டதால், பக்கத்தில் இருக்கும் சொந்த மொழிக்காரர்களோடு பேச்சே இல்லாமல் போனது. அந்தப் பிரிவில் அவர்கள் பேச்சு பழைய வட்டார வழக்காகவே நின்றுவிட்டது. வேலி போன பிறகு செய்தித்தாள், இருமொழிப் பள்ளி எல்லாம் வந்திருக்கின்றன. குரோவேஷியாவிலும் எல்லை ஓரமும் நகரங்களிலும் ஸ்லோவேனியர்கள் உண்டு.

இத்தாலி எல்லையில் கொரிட்சியா நகரத்தின் கதையையும் விட மனமில்லை. 1947-ல் எல்லை போட்டபோது நகரம் இத்தாலிக்கு, அதன் ரயில் நிலையங்களில் ஒன்று யூகோஸ்லாவியாவுக்கு. பக்கத்திலேயே 'நோவா கொரிட்சா', அதாவது புதிய கொரிட்சியா என்று ஒரு நகரத்தைக் கட்டினார்கள். அருகில் ஒரு கிராமத்துக் கல்லறைத் தோட்டத்தின் நடுவிலேயே கோடு போய்விட்டது. 1950 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜனங்கள் காவலர்களைத் தள்ளிக்கொண்டு எல்லையைக் கடந்து போய் உறவினர்களைப் பார்த்தார்கள். கடைகளில் கிடைத்ததை வாங்கினார்கள். பலரும் வாங்கி வந்தது துடைப்பம்! இந்தப் பக்கம் துடைப்பத்துக்கு அவ்வளவு தட்டுப்பாடாம். 'துடைப்ப ஞாயிறு' என்றே அந்த நாளுக்குப் பெயர். அந்த இரண்டு நகரங்களும் சேர்ந்துதான் 2025-ல் ஐரோப்பியக் கலாச்சாரத் தலைநகரமாக இருந்தன.

எல்லாம் பாதிக்கப்பட்டவர் கதையாகவே சொல்லிவிட்டால் அது முழு உண்மை ஆகாது. ஸ்லோவேனிய நாட்டுக்குள்ளும் சிறுபான்மையினர் உண்டு. இத்தாலியர்களுக்கும் ஹங்கேரியர்களுக்கும் 90 பேர் கொண்ட நாடாளுமன்றத்தில் ஆளுக்கொரு இடம் நிச்சயம். கடலோர ஊர்களில் இத்தாலியப் பலகையும் பள்ளியும் உண்டு. இது பாராட்ட வேண்டியது. ஆனால் 1992 பிப்ரவரியில், யூகோஸ்லாவியாவின் மற்ற குடியரசுகளிலிருந்து வந்து அங்கே வாழ்ந்த 25,671 பேரின் பெயரை நிரந்தரக் குடியிருப்போர் பதிவேட்டிலிருந்து சத்தமில்லாமல் நீக்கிவிட்டார்கள். வேலை, ஓய்வூதியம், மருத்துவம் எல்லாம் போயிற்று. 'அழிக்கப்பட்டவர்கள்' என்றே அவர்களுக்குப் பெயர். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2012-ல் கண்டித்தது. 2022-ல் ஜனாதிபதி மன்னிப்புக் கேட்டார். பெயர் மாற்றப்பட்ட மக்களின் நாடே பிறர் பெயரைப் பதிவேட்டிலிருந்து எடுத்திருக்கிறது. அடிபட்டவன் அடிக்க மாட்டான் என்பதற்கு உத்தரவாதம் எதுவும் இல்லை.

மன்னிப்பு என்றதும் இன்னொன்று. 2020 அக்டோபர் 10, கரிந்தியா வாக்கெடுப்பின் நூறாவது ஆண்டு விழா. ஆஸ்திரிய ஜனாதிபதி வான் டெர் பெல்லன், கிளாகன்ஃபர்ட்டில் ஸ்லோவேனிய ஜனாதிபதியையும் வைத்துக்கொண்டு, கரிந்திய ஸ்லோவேனியர்களிடம் மன்னிப்புக் கேட்டார். ஜெர்மனில் மட்டும் கேட்கவில்லை, ஸ்லோவேனிய மொழியிலும் கேட்டார். பக்கத்து வீட்டுப் பாட்டி அதை டிவியில் பார்த்தாராம். "அப்பா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "தாளைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டிருப்பார்" என்றார்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. சேர்க்கை விண்ணப்பத்தில் 'தாய்மொழி' என்று ஒரு கட்டம் இருக்கும். நாம் அவசரத்தில் நாமே நிரப்பிவிடுவோம், அல்லது எல்லோருக்கும் ஒன்றே போடுவோம். அடுத்த முறை பெற்றோரை உட்கார வைத்து ஒரு நிமிடம் கேளுங்கள். கேட்கிற குரலில் அதிகாரம் இல்லாமல் கேளுங்கள். சில பேர் தயங்குவார்கள். அவர்கள் சொல்லி முடிக்கும் வரை பொறுத்திருங்கள்.

 உங்கள் வீட்டில் தாத்தா பாட்டி பேசி, உங்கள் பிள்ளைகள் பேசாத மொழி ஏதாவது இருந்தால் கீழே எழுதுங்கள். எந்த மொழி, யார் காலத்தில் நின்றது என்று இரண்டு வரி போதும். எல்லாவற்றையும் படிப்பேன்.